மஞ்சள் வாளி: ஆறரை வயதுப் பிள்ளையின் ‘வேண்டாம்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பற்களை மாற்றவில்லை.

வன்னியில் ஓர் அரச ஆசுப்பத்திரியின் பற்சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குளத்தடிக் கிராமத்துப் பெண்பிள்ளை, தரம் 1. பாடசாலைப் பற்பரிசோதனையில் நிறையச் சூத்தைப் பல் கண்டு, பாடசாலைப் பற்சிகிச்சையாளர் துண்டு எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் அவரை ‘பல்லு மிஸ்’ என்பார்கள். நியூசிலாந்தில் 1921 இல் தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் முறையைப் பார்த்து இலங்கையில் உருவான பதவி இது, பயிற்சி மகரகமையில். இந்த நிகழ்வில் பாதிக்கு மேல் அவருடைய வேலை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையைக் கூட்டிவந்தது அம்மம்மா. அம்மா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர், விடியமுதல் கம்பனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இரண்டு கிழமையாக இரவில் பல்லுக்கொதி, கராம்பு வைத்தும் கேட்கவில்லை, ஒரு பக்கத்தால்தான் சப்பிச் சாப்பிடுகிறாள் என்றார் அம்மம்மா. பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடத்துக்கு முன்னர் வேறோர் இடத்தில் கையையும் காலையும் பிடித்துவைத்து ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளின் நடத்தையைக் குறிக்க ஃபிராங்கல் 1962 இல் தந்த நாலுபடி அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அன்று அவளுக்கு நான் எழுதியது 1, அதாவது முழு மறுப்பு.

வாய்க்குள் இருந்தது

அம்மம்மாவின் மடியில் இருத்தி, சன்னல் வெளிச்சத்தில் பார்த்த வரைக்கும்: கீழ் இடது முதலாவது கொடுப்புப் பாற்பல் (பதிவேட்டுப் பல் எண் 74) முற்றாகப் பழுது, முரசில் சீழ்ப் பரு. கீழ் வலதில் அதே பல் (84) ஏற்கெனவே பிடுங்கிய இடைவெளி. அதற்குப் பின்னால் இரண்டாவது கொடுப்புப் பல்லில் (85) பக்கவாட்டுச் சூத்தை, இரவு நோவு இல்லை. மேலே இரண்டு பக்கமும் முதலாவது கொடுப்புப் பற்களில் (54, 64) குழி. மேல் முன்பல் நாலும் மண்ணிறமாகி, தட்டினால் கல் மாதிரி இறுகியிருந்தன. சூப்பிப் போத்தலில் சீனி போட்ட பால் குடித்த காலத்துச் சேதம், இப்போது தானாகவே நின்றுபோயிருந்தது. நிரந்தரக் கொடுப்புப் பற்கள் பின்னால் முளைக்கத் தொடங்கியிருந்தன.

என் திட்டம் ஐந்து நிமிடத்தில் தயாரானது. 74 ஐப் பிடுங்குவது. மற்ற எல்லாவற்றுக்கும் சில்வர் டயமீன் ஃபுளோரைட். இந்தத் திரவத்தைச் சூத்தையில் தடவினால் போதும், ஊசியும் வேண்டாம், துளைக்கிற மெசினும் வேண்டாம். வெள்ளி கிருமிகளைக் கொல்லும், ஃபுளோரைட் பல்லை இறுக்கும். ஜப்பானில் 1970 அளவிலிருந்து பாவனையில் உள்ளது, உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. குறை ஒன்றுதான்: தடவிய சூத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும்.

விறாந்தையில் நாற்பது பேர் இருந்தார்கள். அம்மம்மாவிடம், “இப்பிடிச் செய்வம், உங்களுக்கு விருப்பமோ?” என்று கேட்டேன். “நீங்கள் சொல்லுறதைச் செய்யுங்கோ டொக்டர்” என்றார். அதையே சம்மதமாக எழுதிக்கொண்டேன். பருவுக்கும் நோவுக்கும் மருந்து கொடுத்து அடுத்த கிழமைக்குத் திகதி போட்டேன். வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

அம்மம்மாவின் அந்தப் பதிலைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, வரிசையில் நின்று கொடுத்ததை வாங்கிப் பழகிய தலைமுறை அது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் ‘உங்களுக்கு விருப்பமோ’ என்றால், ‘ஓம்’ என்பதுதான் பாதுகாப்பான பதில் என்று அவர்களுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் வராமல் விடலாம். வராமல் விட்டதுதான் அவர் சொன்ன உண்மையான பதில், எனக்குத்தான் அதை வாசிக்க இரண்டு கிழமை எடுத்தது.

மூன்று பேர், மூன்று விருப்பம்

பல்லு மிஸ் ஒரு பின்னேரம் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்கும் போய்க் கதைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்த செய்திகள் என் குறிப்பேட்டில் இப்படி இருக்கின்றன.

அம்மம்மாவுக்குக் கறுப்புப் பல் அறவே பிடிக்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளை. முன்பல்லுக் கறுத்தால் சனம் தாயைத்தான் சொல்லும்.” தாய் வேலைக்குப் போவதை ஏற்கெனவே கதைக்கிற அயல் அது. நான் மருந்தின் பக்கவிளைவைப் பற்றி நினைத்தேன், அவர் மகளின் மானத்தைப் பற்றி நினைத்தார்.

அம்மாவுக்கு நிறம் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு மாத வரவுக் கொடுப்பனவும் போகும். அவர் மிஸ்ஸிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். “எங்கட கிணத்துத் தண்ணியில ஃபுளோரைட் கூட, அதாலதான் பல்லுக் காவி பிடிக்குது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப அதையே கொண்டுவந்து பூசுறியளோ?”

நல்ல கேள்வி. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நாங்கள் யாரும் அதை விளக்கியிருக்கவில்லை. உலர்வலயத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைட் அதிகம், வவுனியாவும் அதில் அடங்கும். குடிநீருக்கான இலங்கைத் தர எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். நிரந்தரப் பற்கள் எலும்புக்குள் உருவாகிற சின்ன வயதில், நாளாந்தம் வருடக்கணக்காக அதிக ஃபுளோரைட்டை விழுங்கினால் முளைக்கிற பல்லில் வெள்ளைக் கீறலும் காவியும் வரும். அந்த அம்மாவின் முன்பற்களிலேயே அது இருக்கிறது. சில்வர் டயமீன் ஃபுளோரைட் செறிவில் மிகப் பெரியது, 38 சதவீதக் கரைசலில் 44,800 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 44,800 பங்கு. ஆனால் தடவுவது ஒரு துளி. அந்தத் துளியில் இருப்பது 1 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூட, கிட்டத்தட்ட எல்லை மட்டத்திலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரில் இருக்கிற அளவு. அதுவும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். இதை மிஸ் ஒரு சோடாப் போத்தல் மூடியையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்து விளக்கினாராம். அம்மா உடனே விளங்கிக்கொண்டார்.

சரி, பிள்ளைக்கு என்ன விருப்பம்? அதுவரை யாரும் கேட்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டதை எல்லோரும் ‘பயம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தோம். சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்ல முடிந்த பிள்ளையின் கருத்துக்கு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்றது. அதைப் படித்த ஞாபகம் எனக்கும் இருக்கிறது, பரீட்சைக்காக.

படங்கள்

இந்த வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு என்ன விருப்பம்’ என்று கேட்பதில் பயனில்லை. பெரியவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும், அல்லது பேசாமல் இருக்கும். மிஸ் வேறு மாதிரிச் செய்தார். பழைய கலண்டர் மட்டையை வெட்டி, எங்கள் அறையில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக வரைந்தார். கதிரை, பெரிய லைற், முகக்கவசம், ஊசி, குறடு, தண்ணீர் பீச்சுகிற குழாய், பஞ்சு, சூத்தைப் பல்லை மூடுகிற வெள்ளித் தொப்பி. கடைசியில் மட்டை மிஞ்ச, மூலையில் இருக்கிற மஞ்சள் வாளியையும் வரைந்தார். பாடசாலை மரத்தடியில் இரண்டு வட்டம் கீறி, ஒன்று ‘பரவாயில்லை’, மற்றது ‘வேண்டாம்’ என்றார். அம்மம்மா பக்கத்தில் இல்லை, நானும் இல்லை.

நானாக இருந்தால் ஊசியும் குறடும் ‘வேண்டாம்’ வட்டத்தில் விழும் என்று பந்தயம் கட்டியிருப்பேன். ஊசியை அவள் ‘பரவாயில்லை’யில் வைத்தாள், கொஞ்சம் யோசித்துத்தான். குறடு நடுவில். வெள்ளித் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள், அது மின்னுமோ என்று கேட்டாள். சாய்கிற கதிரை ‘வேண்டாம்’. அதற்கு மேலே அழுத்தி வைத்தது மஞ்சள் வாளி.

“வாளி ஏனம்மா வேண்டாம்?”

“என்ர பல்லை அதுக்குள்ள எறிஞ்சவை.”

விசயம் இதுதான். எங்கள் ஊர்களில் விழுந்த பாற்பல்லைச் சாணத்துக்குள் வைத்து உருட்டிக் கூரைக்கு மேல் எறிவார்கள், எறிந்தால் புதுப்பல் முளைக்கும். அவளுடைய பல்லை யாரும் கொடுக்கவில்லை, அது மருத்துவக் கழிவு வாளிக்குள் போனது. கூரைக்கு எதுவும் போகவில்லை. அவள் சொன்னதற்கு அவளிடம் ஆதாரமும் இருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பல் விழுந்து சில மாதத்தில் புதுப்பல் வந்துவிட்டது. இவளுக்கு ஒரு வருடம் கழிந்தும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நாக்கால் தினம் தடவிப் பார்த்திருக்கிறாள். அப்படியிருக்க, இன்னொரு பல்லையும் வாளிக்குக் கொடுக்க எந்தப் புத்தியுள்ள ஆள் வாயைத் திறப்பார்?

கூரையைத் தவிர்த்துப் பார்த்தால் அவளுடைய கணக்கில் பிழை இல்லை. 84 இருந்த இடத்தில் வரவேண்டிய நிரந்தரப் பல் 10 முதல் 12 வயதில்தான் முளைக்கும். பிடுங்கியவர்கள் அதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் வாயைப் பார்த்தபோது அந்த இடைவெளியைக் குறித்துக்கொண்டேனே தவிர, ‘இது ஏன் இன்னும் முளைக்கவில்லை தெரியுமோ’ என்று கேட்கவில்லை.

கதிரையில்

அடுத்த முறை நான் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியது இல்லை. “படுக்கப் போறியோ, இருக்கப் போறியோ?” இருக்கப் போவதாகச் சொன்னாள். கதிரையைச் சாய்க்கவில்லை. கீழ்ப் பல்லை, ஆளை நிமிர்த்தி இருத்திப் பிடுங்குவது பழைய கால வழக்கம்தான், எனக்கு இடுப்பு நோகும், அவளுக்கு ஒன்றுமில்லை. கை உயர்த்தினால் நிறுத்துவேன் என்றேன். முதல் மூன்று தடவையும் சும்மா உயர்த்தினாள், நான் உண்மையில் நிறுத்துகிறேனா என்று பார்க்க. நிறுத்தினேன். நாலாவது முறை உண்மையாகவே நொந்தது, இன்னும் கொஞ்சம் விறைப்பு மருந்து போட்டேன்.

அதற்கு முன் ஒரு சின்ன எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினேன். 84 இருந்த இடத்துக்குக் கீழே எலும்புக்குள் புதுப்பல்லின் தலை தெளிவாகத் தெரிந்தது. “உள்ளுக்க நித்திரை கொள்ளுது. நீ தரம் 5, 6 படிக்கேக்க எழும்பும்.” படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

74 ஐ எடுத்தேன். கழுவி, கிருமிநீக்கித் துடைத்து, ஒரு சின்ன மருந்து உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். நோயாளி தன் பல்லைக் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. கேட்காவிட்டால்தான் அது கழிவு வாளிக்குப் போக வேண்டும். அம்மம்மா முதல்முறையாகச் சிரித்தார். சாணத்துக்குப் பஞ்சமில்லை என்றார்.

85 க்கு ‘ஹோல்’ முறையில் வெள்ளித் தொப்பி போட்டோம். இது ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர் செய்துவந்த முறை. சூத்தையைத் துளைக்காமல், ஊசி போடாமல், பல்லைவிட மிகச் சற்றே பெரிய துருப்பிடிக்காத உருக்குத் தொப்பிக்குள் சீமெந்து வைத்துப் பொருத்தி, பிள்ளையையே கடிக்கச் சொல்வது. கிருமிக்கு உணவு போகாமல் உள்ளே அடைபட்டுவிடும். கடி சில கிழமைக்கு உயர்ந்திருக்கும், பிறகு சரியாகும். 2007 இல் வெளியான ஸ்கொட்லாந்து ஆய்வொன்றில் 132 பிள்ளைகளுக்கு ஒரு பல்லுக்கு இந்த முறையும் மற்றப் பல்லுக்கு வழமையான அடைப்பும் செய்தார்கள். எது பிடித்தது என்று சொன்னவர்களில் பிள்ளைகள் 77 சதவீதமும், பராமரிப்பாளர் 83 சதவீதமும், பல் வைத்தியர் 81 சதவீதமும் ஹோல் முறையையே சொன்னார்கள். இந்த எண்களில் எனக்குப் பிடித்தது, மூன்று தரப்பையும் தனித்தனியாகக் கேட்டிருப்பது. ஆனால் மூன்றும் ஒன்றாக வந்ததைப் பார்த்து, ‘அப்போ ஒருவரைக் கேட்டால் போதும்’ என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பிள்ளையின் வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தார்கள்.

முன்பல் நாலையும் தொடவில்லை. இறுகி நின்ற சூத்தை, நோவில்லை, விரைவில் விழப்போகிற பற்கள். அவற்றைக் கறுப்பாக்க நான் விரும்பியது என் திட்டத்தின் ஒழுங்குக்காகத்தான். 54 க்கு மருந்து தடவினேன், உள்ளுக்குள் இருப்பதால் அம்மம்மா சம்மதித்தார். 64 க்குத் தடவப் போகும்போது பிள்ளை கையை உயர்த்தினாள். “இண்டைக்குக் காணும்.” விட்டேன்.

சரியாகப் போகாதது

64 ஐ அடுத்த கிழமை பார்ப்பதாகத்தான் இருந்தது. பல்லு மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய மூத்த மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான், யாழ்ப்பாணத்தில் தன் அம்மம்மாவோடு நிற்கிறான். நாலு வருடமாகக் கிழமைக்கொருமுறை பஸ்ஸில் போய்வந்தார், கேட்ட இடமாற்றம் கிடைத்ததும் போய்விட்டார். யார் குறை சொல்ல முடியும்? அவருடைய இடத்துக்கு மாதக்கணக்காக ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்த யாருமில்லை, அம்மாவுக்கு லீவும் இல்லை. நாலு மாதம் கழித்துப் பிள்ளை வந்தபோது 64 க்கு மேல் சீழ் கட்டியிருந்தது.

அன்று அவள் ‘காணும்’ என்றதை நான் மதித்தது பிழையா? ஒரு துளி மருந்து, ஒரு நிமிட வேலை. தடவியிருந்தால் அந்தப் பல் தப்பியிருக்கலாம். திரும்பவும் அந்த நாள் வந்தால் நிறுத்தத்தான் செய்வேன், ஏனென்றால் நிறுத்துவேன் என்று சொல்லித்தான் வாயைத் திறக்க வைத்தேன். ஆனால் ‘அடுத்த கிழமை’ என்பதை அவர்கள் வரக்கூடிய நாளாக ஆக்காமல் விட்டது என் பிழை. பிள்ளைக்குத் தெரிவு கொடுக்கிறவர், அந்தத் தெரிவுக்குப் பிறகு நடப்பதற்கும் பொறுப்பெடுக்க வேண்டும். அம்மாவின் லீவு நாளை அன்றைக்கே கேட்டு எழுதியிருக்கலாம். ஞாயிறு ஒரு மணித்தியாலம் திறந்திருக்கலாம்.

பணியாளரின் விருப்பத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பின்தங்கிய இடங்களில் சுகாதாரப் பணியாளர் ஏன் நிற்பதில்லை என்று ஆராய்கிறவர்கள் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று நேரே கேட்டு நிறுத்துவதில்லை. கேட்டால் எல்லோரும் சம்பளம் என்பார்கள். இரண்டு வேலைகளை எழுதிக் காட்டுவார்கள். ஒன்றில் சம்பளம் கூட, விடுதி இல்லை. மற்றதில் சம்பளம் குறைவு, விடுதி உண்டு, இரண்டு வருடத்தில் மேற்படிப்பு. ஒன்றைத் தெரியச் சொல்வார்கள், பிறகு இன்னொரு சோடி, இன்னொரு சோடி. எதை விட்டு எதை எடுக்கிறார்கள் என்பதிலிருந்து எதற்கு எவ்வளவு எடை என்று கணக்கிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2012 இல் இதற்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. மரத்தடியில் கலண்டர் மட்டையை வைத்து மிஸ் செய்தது இதன் தம்பி முறைதான். அவருக்கு யாராவது அப்படி மட்டை போட்டுக் காட்டியிருந்தால், கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவை ஒதுக்கி வைத்துவிட்டு, மகனுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பாடசாலை என்ற மட்டையை எடுத்திருப்பார்.

என் விருப்பத்தையும் மறைக்க விரும்பவில்லை. பிடுங்குவது எனக்கு இலகு. பத்து நிமிடம், முடிந்த வேலை, மாத அறிக்கையில் ஒரு எண். எத்தனை பிடுங்கல், எத்தனை அடைப்பு என்று அதில் கட்டம் இருக்கிறது. கதைத்த நேரத்துக்குக் கட்டம் இல்லை. ‘நோயாளி விருப்பப்படி’ என்று நான் எழுதிய பல இடங்களில், விறாந்தையில் நிற்கிற நாற்பது பேரின் அவசரமும் என் அவசரமும்தான் விருப்பமாக எழுதப்பட்டிருக்கின்றன.

64 ஐ எடுக்க வந்த நாளில் அம்மாவும் கூட வந்திருந்தார். பிள்ளை தானாக ஏறிக் கதிரையில் இருந்தாள். ஃபிராங்கல் 3, அதாவது இணக்கம். சாய்க்கலாமோ என்று கேட்டேன், கொஞ்சம் என்றாள், விரலால் எவ்வளவு என்று காட்டினாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து என் தட்டில், குறட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே பஞ்சு விரித்திருந்தது.

பதிவேட்டில் அன்றைய வரி: 64, பிடுங்கல், 1. குறிப்புக் கட்டத்தில் ‘பல் பிள்ளையிடம்’ என்று எழுதினேன்.